பத்து மாத அட்வான்ஸ்: சென்னை வாடகை வீட்டின் கணக்கு

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃபிளாட். வாடகை இருபதாயிரம், பராமரிப்புக் கட்டணம் தனி. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டால் ஒரு லட்சம் என்பவரும் உண்டு, இரண்டு லட்சம் என்பவரும் உண்டு. டெல்லியில் இதுபோன்ற வீட்டுக்கு ஓரிரு மாத வாடகையைக் கொடுத்தால் சாவி கைக்கு வந்துவிடும். வேலை மாறிச் சென்னைக்கு வருகிற வெளிமாநிலத்தவர் தொகையைக் காதில் வாங்கியதும், தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று இன்னொரு முறை கேட்பார்கள். புரோக்கர் அலுத்துக்கொள்ளாமல் அதே தொகையை மறுபடியும் சொல்வார். இங்கே அதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. 1960 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. இப்போது நடைமுறையில் இருக்கும் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஊர் பத்து மாதம் என்று சொல்லிப் பழகிவிட்டது, ஐ.டி. நிறுவனங்களும் வெளியூர்க்காரர்களும் பெருகிய பகுதிகளில் அது ஐந்து, ஆறு என்று இறங்கியிருக்கிறது. சட்டம் சொல்லும் வரம்பைவிட மூன்று மடங்குக்கும் மேலான தொகையை ஊரார் கேட்பது எப்படி என்று பார்த்தால், சென்னையின் வாடகைச் சந்தை எப்படி இயங்குகிறது என்பதன் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கதை உலகப் போரில் தொடங்குகிறது. 1941 இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மதராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர்க்காலத்துக்கென்று வந்த ஏற்பாடு போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1946 இல் ஒரு சட்டம், 1949 இல் இன்னொன்று, கடைசியாக 1960 ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அது நீடித்தது. வாடகையை நினைத்தபடி உயர்த்த முடியாது. குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க வேண்டுமானால் சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மனு, அங்கிருந்து மேல்முறையீடு, அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. தந்தை போட்ட வழக்கை மகன் நடத்திய குடும்பங்கள் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் இருந்தன.

சட்டம் வாடகைதாரர் பக்கம் சாய்ந்திருந்தது; அதற்கு நியாயமும் இருந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு குழாய்க்கு ஆறு குடும்பம் வரிசையில் நின்ற நகரத்தில், வீட்டுக்காரர் நினைத்தால் மறுநாளே தெருவில் நிறுத்தலாம் என்ற நிலை இருந்திருக்க முடியாது. ஆனால் கோர்ட் மூலம் வீட்டைத் திரும்பப் பெற முடியாது என்று முடிவுகட்டிய வீட்டுக்காரர்கள், கோர்ட்டுக்குப் போகவே தேவையில்லாத ஒரு பிடிமானத்தைத் தேடினார்கள். அதுதான் அட்வான்ஸ். வாடகை பாக்கி வைத்தாலும், வழக்கு என்று இழுத்தாலும், பத்து மாதம் வரை கையைக் கடிக்காது. சட்டம் ஒரு மாதம் என்று எழுதி வைத்திருந்ததை யாரும் எடுத்துக்காட்டவில்லை. எடுத்துக்காட்டுபவருக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

மும்பையில் இதே பிரச்சினைக்கு வேறு வழி கிடைத்தது. அங்கே வீட்டைக் குத்தகையாகக் கொடுக்காமல் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று அனுமதியாகக் கொடுக்கிறார்கள். 1999 ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. காலம் முடிந்தும் வெளியேறாதவர் இரட்டிப்புத் தொகை கட்ட வேண்டும் என்றது. வழக்கமான நீதிமன்றச் சுற்றுக்குள் போகாமல் தனி அதிகாரியிடம் முறையிட வழிவிட்டது. வீட்டுக்காரரின் பயத்தை அங்கே காகிதம் குறைத்தது. சென்னையில் அந்த வேலையையும் பணமே பார்த்துக்கொண்டது.

பயம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. வாடகை வருமானம் வரிக்கு உட்பட்டது. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானக் கணக்கில் வராது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒரு லட்சம் என்பது மாதத்துக்கு 8,333 ரூபாய். இன்றைய சென்னையில் அந்த வாடகைக்கு நல்ல ஒற்றை அறை கிடைப்பதே அரிது. ஆகவே வாடகையைக் குறைத்துக் காட்டலாம், ரசீது மட்டும் கேட்காதீர்கள் என்கிற வீட்டுக்காரரும், ரசீது இல்லாமல் வேண்டாம் என்கிற மாதச் சம்பளக்காரரும் முட்டிக்கொள்வது சகஜம். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதால் அவர்கள் வீட்டில் இந்தச் சண்டை இல்லை.

இப்போது 2017 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று பெயர் நீளமானது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. வாடகையை அரசு நிர்ணயிக்கும் ஏற்பாடு போய், இரு தரப்பும் எழுதிக்கொள்வதே வாடகை என்றானது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் தீர்ப்பாயம். பழைய வாடகைதாரர்களும் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்து, அந்தக் கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். அப்படி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. எழுதாமல் வாய்ப்பேச்சில் இருபது ஆண்டு ஓட்டிய பழைய குடித்தனக்காரர்களுக்கு இது பேரிடி.

அட்வான்ஸ் பற்றிய 11 ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத் தொகை வாங்குவது சட்டவிரோதம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, 'மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஒரு தொடர் உட்கார்ந்திருக்கிறது. அதாவது பத்து மாதம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதமே செல்லும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே மாட்டி வைத்ததுபோல. மத்திய அரசு 2021 இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தது. அது மாதிரிதான், ஒவ்வொரு மாநிலமும் தானாக ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் முன்பே இருக்கிறது.

ஒப்பந்தம் என்று ஒன்று நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கும். பெயர், முகவரி, தொகை மட்டும் மாறும். 'பதினோரு மாதங்கள்', 'அட்வான்ஸ் தொகைக்கு வட்டி கிடையாது', 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது', 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவு இரண்டாம் பார்ட்டியைச் சேர்ந்தது'. பதினோரு மாதம் என்பதன் வேர் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று அது சொல்வதால், ஒரு மாதத்தைக் குறைத்துப் பதிவிலிருந்து தப்பினார்கள். புதிய சட்டத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் ஜெராக்ஸ் கடைக் கோப்பு இன்னும் பதினோரு மாதத்தையே அச்சடித்துத் தள்ளுகிறது. பதிவு செய்தால் வாடகை விவரம் அரசுக் கணக்கில் ஏறிவிடும் என்ற நினைப்பு பல வீட்டுக்காரர்களைத் தடுக்கிறது.

இரண்டு லட்சம் அட்வான்ஸ் என்றால் வாடகைதாரருக்கு உண்மையில் எவ்வளவு செலவு? பணம் திரும்பி வந்துவிடும், செலவே இல்லை என்று நினைப்பது பிழை. அதே தொகையை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 14,000 ரூபாய் வந்திருக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 1,170. ஆகவே இருபதாயிரம் வாடகை வீட்டின் உண்மையான வாடகை இருபத்தோராயிரத்துச் சொச்சம். அட்வான்ஸ் கட்ட 14 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கியவருக்கு இது இரட்டிப்பாகும். முதல் மாதத்தில் அவர் எடுத்து வைக்க வேண்டியது அட்வான்ஸ், முன்கூட்டிய வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றிவரும் வண்டிக் கூலி. இருபதாயிரம் வாடகைக்குத் தகுதியான சம்பளம் இருந்தும் இரண்டரை லட்சம் ரொக்கம் இல்லாததால் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகிறவர்கள் ஏராளம். அட்வான்ஸின் கணிசமான விளைவு இதுதான்: யாருக்கு எந்தப் பேட்டையில் வீடு என்பதை வாடகையைவிடக் கூடுதலாக அதுவே முடிவு செய்கிறது.

இதன் இன்னொரு எல்லை, லீஸ். போக்கியம், ஒத்தி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மாத வாடகையே கிடையாது. மொத்தமாக ஏழு லட்சம், எட்டு லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு குடியிருக்கலாம். போகும்போது முழுத் தொகையும் திரும்பி வரும். வாடகையே இல்லாத வீடு என்று கேட்கும்போது இனிக்கிறது. ஊரில் நிலம் விற்ற பணமோ பணி ஓய்வுத் தொகையோ கையில் இருப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு.

கணக்கை வீட்டுக்காரர் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். மாதம் பத்தாயிரம் வாடகை வரக்கூடிய வீட்டை எட்டு லட்சத்துக்கு லீஸ் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து எட்டு லட்சம் கடன் வாங்குகிறார். வட்டி 15 சதவீதம். வீட்டை வைத்து வங்கியில் இதைவிட மலிவாகக் கடன் கிடைக்கும். அப்படியிருக்க ஒருவர் ஏன் 15 சதவீதத்துக்கு வாங்குகிறார்? வரிக் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். மகள் திருமணத்துக்கு உடனடி ரொக்கம் வேண்டியிருக்கலாம். அல்லது வங்கி ஏற்கெனவே அந்த வீட்டின் மேல் கடன் கொடுத்திருக்கலாம், இனி தராது என்று கைவிரித்திருக்கலாம். மூன்றாவது வகைதான் ஆபத்து. தவணை நின்றால், 2002 ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும். முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் வைத்திருக்கும் லீஸ் பத்திரம் அந்த நேரத்தில் பெரிதாகக் கைகொடுக்காது.

இன்னொரு மோசடியும் சென்னையிலும் பெங்களூரிலும் நடந்து போலீஸ் வரை போயிருக்கிறது. இடைத்தரகர் ஒருவர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதே வீட்டை இன்னொருவருக்கு லீஸுக்கு விடுவார். லீஸ் தொகை இவர் கையில். சில மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டுவார். பிறகு ஆளைக் காணோம். வாடகை வரவில்லையே என்று வந்து பார்க்கும் வீட்டுக்காரரும், வாடகையா, எட்டு லட்சம் கொடுத்தேனே என்று நிற்கும் குடும்பமும் அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வார்கள். லீஸ் பேசுகிறவர்கள் பத்திரத்தில் இருக்கும் உரிமையாளரை நேரில் பார்ப்பதும், வில்லங்கச் சான்று எடுப்பதும், தொகையை வங்கிக் கணக்கு வழியாகவே அவருக்குச் செலுத்துவதும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் அடிப்படை. பதிவுச் செலவை மிச்சம்பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எந்த எட்டு லட்சத்தை மிச்சம்பிடிக்க என்று திருப்பிக் கேட்கலாம்.

வாடகைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வாடகைகளும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் இருந்தால், மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 100 யூனிட் இலவசம். மூவரின் பயன்பாடும் ஒன்றாகக் கூடுவதால் விலை மேல்படிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் உள்ளே தனித்தனி சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கிக்கொள்வார். மாடியில் இருப்பவர் ஏ.சி. போடுகிறார், கீழே இருப்பவர் இரண்டு மின்விசிறி ஒரு டி.வி.யோடு சரி; இருவருக்கும் ஒரே விலை. தனி இணைப்பு இருந்தால் கீழ்வீட்டுக்காரர் கட்ட வேண்டியதில் பெரும்பகுதி இருக்காது. வீடு பார்க்கும்போது டைல்ஸ் நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் மீட்டர் பலகையைப் பார்ப்பது லாபம்.

தண்ணீரும் அப்படியே. சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011 இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருங்குடி, சோழிங்கநல்லூர் போன்ற புறநகர்கள் காகிதத்தில் மாநகரம் ஆயின. குழாய்கள் அதே வேகத்தில் போகவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் லாரித் தண்ணீரை நம்பி நிற்கும் அடுக்குமாடிகளில் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் கலந்து வாடகைதாரர் தலையில் இறங்குகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை. லாரி எப்போது வரும் என்பதே பேச்சு. மழைக்காலம் வந்தால் கேள்வி தலைகீழாகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துத் தரைத்தளங்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பகுதியில் தரைத்தளம் மட்டும் ஏன் மலிவு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் கதை வேறு. 'சைவம் மட்டும்' என்ற அறிவிப்பு சமையலறையைப் பற்றியது என்று நம்புகிற அப்பாவிகள் இந்த நகரத்தில் குறைவு. சாதியையும் மதத்தையும் நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பாட்டை முன்னால் நிறுத்துகிறார்கள். கூச்சம் இல்லாதவர்கள் சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்று சுற்றி வளைப்பார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு நேற்றுத்தான் முடிந்துவிட்டது என்ற பதில் வருவதைப் பலரும் சொல்லக் கேட்கலாம். தனியாக வசிக்கும் பெண், விவாகரத்தானவர், பேச்சிலர் என்று பட்டியல் நீளும். ஒருகாலத்தில் பேச்சிலர்களைத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஏற்றுக்கொண்டன. இப்போது தெற்கே ஐ.டி. சாலை முழுக்க பி.ஜி. விடுதிகள் அந்த வேலையைச் செய்கின்றன.

இதற்குச் சட்டத்தில் என்ன தடை என்று தேடினால் ஏமாற்றம்தான். அரசமைப்பின் 15 ஆம் உறுப்பு பாகுபாட்டைத் தடை செய்வது முதன்மையாக அரசுக்கு. தனியாருக்கும் பொருந்தும் பகுதியில் கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை எல்லாம் இருக்கின்றன. வாடகை வீடு இல்லை. 2005 இல் அகமதாபாதின் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், உறுப்பினர் பார்சியாகவே இருக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் குழாய் வாஷர் முதல் வடிகால் வரை பேசுகிறது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று பேசவில்லை. சமூகநீதியைப் பற்றி நாள்தோறும் பேசும் மாநிலத்தின் சட்டத்தில் இந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது.

கடைசியாகக் காலி செய்யும் கட்டம். அட்வான்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான வீட்டுக்காரர்களிடம் அது இல்லை என்பதே பதில். என்றைக்கோ செலவாகிவிட்டது. புதிதாக வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸைக் கொண்டுதான் போகிறவருக்குத் திருப்பித் தருகிறார்கள். அதனால்தான் புது ஆள் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு வருகிறது. இதை அறிந்த வாடகைதாரர்கள் கடைசி இரண்டு, மூன்று மாத வாடகையைக் கட்டாமல் நிறுத்தி, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி காலி செய்ய வைக்கப் போதுமான காரணம் என்பது சட்டம். போகப்போகிறவரைப் போகச் சொல்ல யார் மனு போடுவார்கள் என்பது நடைமுறை.

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஐந்து ஆண்டு இருந்தவருக்கும் ஒரு மாதம், பதினோரு மாதம் இருந்தவருக்கும் ஒரு மாதம். சில இடங்களில் சுவருக்குப் புதுப்பூச்சே விழாது. கழித்த பணம் மட்டும் கழித்ததுதான். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி போன்றவைதான் வாடகைதாரருடையவை. ஆனால் இங்கேயும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதுவே எடுபடும். ஜெராக்ஸ் கடைக் கோப்பில் அந்த வரி எப்போதும் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதை அடிக்கச் சொல்ல வாடகைதாரருக்கு உரிமை உண்டு. 'இயல்பான தேய்மானத்துக்குக் கழிக்கக் கூடாது' என்று சேர்க்கச் சொல்லவும் உண்டு. சாவி கைக்கு வராத நேரத்தில் அதைக் கேட்கத்தான் துணிச்சல் வேண்டும்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. தராதவர் மேல் முறையிட வழியும் இருக்கிறது. அதற்குப் பதிவு செய்த ஒப்பந்தமும் வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் தடமும் இருந்தால் வேலை சுலபம், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வெறுங்காகிதத்தோடு போனால் திண்டாட்டம். குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பவர்கள் உண்டு. வீட்டுக்காரரை நம்பாமல் செய்கிறோமே என்று தயங்கத் தேவையில்லை. அவர் பத்து மாத வாடகையை முன்கூட்டி வாங்கி வைத்திருப்பதும் நம்பிக்கையால் அல்ல.